அப்பாவுக்கு ஏழு, எனக்குப் பூஜ்யம்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. மேற்கே மலையில் சாரல். உத்தமபாளையத்துக்கு வந்து சேர்வது தூசி மட்டும். ஆய்வக ஜன்னலில் ஒரு கண்ணாடி போன வருஷமே போனது. அட்டை வைத்து மறைத்தேன். அரை மணியில் அட்டையும் பறந்தது.

இன்று:
– முதலாம் ஆண்டு சேர்க்கை மேஜை, 10 மணி முதல்
– நுண்ணோக்கி சரிபார்க்க ஆள் வரச்சொல்ல (மூன்றாவது முறை)
– திட்ட விண்ணப்பம். கடைசி நாள் 20, வெள்ளி, மாலை 5

மூன்றாவதுதான் விஷயம். கல்லூரிக்குள்ளேயே ஓர் ஒவ்வாமைப் பரிசோதனை அறை. திராட்சைப் பந்தலுக்கு அடியில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் இளைப்பு எதனால் என்று சோதித்துச் சொல்ல. புகையா, மருந்தடிப்பா, இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் செம்பேனா. இப்போது அதற்கு மதுரை போக வேண்டும், அதனால் யாரும் போவதில்லை. செம்பேனைப் பற்றி இத்தனை வருஷம் எழுதியாகிவிட்டது. இன்னும் ஓர் அறை இல்லை. இந்த முறை விடுவதாக இல்லை.

விண்ணப்பத்தில் ஒரு பெட்டி: முதன்மை ஆய்வாளரின் எச் எண். குறைந்தது பத்து. பத்துக் கட்டுரை வேண்டும், ஒவ்வொன்றையும் பத்து முறையாவது பிற கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். அவர்கள் சொல்லும் தளத்தில் இருக்கும் எண்தான் செல்லும்.

தளத்தில் என் பெயரை அடித்தேன். தமிழ்ச்செல்வி, விலங்கியல், உத்தமபாளையம். பூஜ்யம்.

'சிவனாண்டி, டி.': ஏழு.
'ஜெயராஜ், டி.': ஆறு.

சிவனாண்டி என் அப்பா. மார்க்கையன்கோட்டையில் திராட்சை போட்டிருக்கிறார். ஜெயராஜ் என் கணவர். சின்னமனூரில் உரக்கடை.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் குடும்பப் பெயர் கேட்டன. நம் வீடுகளில் அப்படி ஒன்று கிடையாது என்று யாருக்கு விளக்குவது? இனிஷியலை விரித்து எழுதினேன். கல்யாணம் வரை அப்பா பெயர், அப்புறம் இவர் பெயர். தளம் அவற்றையே ஆட்களாக எடுத்துக்கொண்டது. நான் அவர்களுக்கு முன்னால் நிற்கும் ஒரு 'டி.'

சேர்க்கை மேஜையில் ஒரு தகப்பனார் விலங்கியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டார். இன்று அவர் கேட்டிருக்க வேண்டாம்.

ஜூன் 4, புதன்

தளத்துக்கு மின்னஞ்சல். மூன்று பெயரும் ஒரே ஆள், சேர்த்துவிடவும். நியாயமாக எல்லாவற்றையும் விளக்கினேன்: சிவனாண்டி என் தந்தை, ஜெயராஜ் என் கணவர், எங்கள் ஊர் வழக்கம் இது.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். செம்பேனைக் கொல்ல மருந்து விற்கிற ஆளுக்கு செம்பேன் ஆராய்ச்சியில் ஆறு. "மாமாவுக்கு ஏழு, எனக்கு ஆறு. எப்பவும் அவருதான் ஒரு படி மேல" என்றார்.

சேர்த்தால் எவ்வளவு வரும் என்று கையால் எண்ணினேன். பதினொன்று. பத்துப் போதும். நிம்மதி. மோர்க்குழம்பு நன்றாக வந்திருந்தது, இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன்.

ஜூன் 6, வெள்ளி

காற்று. இரண்டு வகுப்பறையில் மின்சாரம் இல்லை.

தளத்திலிருந்து பதில். உண்மையைச் சொன்னதன் பலன். சிவனாண்டி, ஜெயராஜ் இருவரும் உயிரோடிருக்கும் தனி ஆட்கள் என்று நானே எழுதிவிட்டதால், அந்தக் கட்டுரைகள் தங்களுடையவை அல்ல என்று இருவரும் கையெழுத்திட்டுத் தர வேண்டுமாம். கூடவே, எல்லாப் பெயரும் ஒரே நபரைக் குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு பத்திரம்.

மாலை கோர்ட் ரோடு. நோட்டரி பழைய ஆள், நிதானம். என் சான்றிதழ்களைப் புரட்டினார். அப்பாவின் இனிஷியல் என்ன என்றார். த. என் தாத்தா பெயர் தவசி.

"அப்ப ஆங்கிலத்துல டி. சிவனாண்டிங்கிறது ஒங்கப்பாவோட சொந்தப் பேராச்சே. ஒங்கப்பாவும் நீங்களும் ஒரே ஆளுன்டு எழுதிக் குடுக்கவா மேடம்?"

டைப் அடிக்கும் அம்மா கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. பதினைந்து நிமிஷம் விளக்கினேன். கடைசியில் ஒரு வாசகம் கண்டுபிடித்தார்: 'அச்சில் அவ்வாறு காணப்படும் பெயர்.' கெட்டிக்காரர்.

இவர் வீட்டுக்கு வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டார், எச்சரிக்கை எதையும் படிக்காமல். "எங்க ஆறு போச்சு" என்றார். ஞாயிறன்று அப்பாவிடம்.

ஜூன் 7, சனி

விண்ணப்பத்தின் அடிக்குறிப்பு. ஏன் இதை முதலில் படிக்கவில்லை என்று தெரியவில்லை. மாணவர்களை மட்டும் திட்டுகிறேன்.

'தன்மேற்கோள் நீங்கலாக.' அதாவது நானே என் பழைய கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தால் அது கணக்கில் வராது.

காட்டியிருக்கிறேன். எல்லோரும் காட்டுவார்கள், முன்பு கண்டதன் மேல்தானே அடுத்ததை எழுத முடியும்? ஆனால் தளத்தில் இதுவரை அது தன்மேற்கோள் இல்லை. ஜெயராஜ் சிவனாண்டியை மேற்கோள் காட்டியிருக்கிறார். கட்டுரைக்குக் கட்டுரை, விடாமல், மரியாதையோடு. மாமனாருக்கும் மருமகனுக்கும் இப்படி ஓர் ஒற்றுமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மூவரும் நானே என்று ஆகிவிட்டால் அவையெல்லாம் உதிரும். உட்கார்ந்து எண்ணினேன். பதினொன்று இல்லை. ஒன்பது.

பத்தாவதாக வரவேண்டியது பந்தல் மாதக் கட்டுரை. எந்தெந்த மாதம் செம்பேன் கூடும், எந்த மாதம் இளைப்பு கூடும் என்று போட்டது. வெளியாட்கள் மேற்கோள் ஒன்பது. ஒன்று குறைகிறது.

துறைத் தலைவரிடம் போனேன் (இனி து.த.). நல்லவர்தான். இந்த அறை கல்லூரிக்கு வர வேண்டும் என்று அவருக்கும் ஆசை. ரொம்ப எளிதாக ஒரு வழி சொன்னார். பெயர்களைச் சேர்க்க வேண்டாம். தளத்தின் எண்ணுக்குப் பதில், நோட்டரி பத்திரத்தை வைத்து விண்ணப்பத்திலேயே மூவர் கட்டுரையையும் ஒரே பட்டியலாகப் போட்டுவிட வேண்டியது. தளத்தில் அப்பா வேறு ஆள், கணவர் வேறு ஆள். அதனால் கழிக்கத் தேவையில்லை. பதினொன்று அப்படியே நிற்கும்.

"கட்டுரைக்கு ஒரே ஆளு, கழிவுக்கு மட்டும் வேற ஆளா சார்?" என்றேன்.

யாரும் பார்க்கப் போவதில்லை என்றார். இருக்கலாம். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து நான் செய்யப் போவது எண்ணுவது. ஒரு இலையில் எத்தனை செம்பேன், ஒரு கையில் எத்தனை தடிப்பு. வாசல்படியிலேயே தப்பாக எண்ணிவிட்டு உள்ளே போய் என்ன எண்ணுவேன்?

சேர்க்கத்தான் போகிறேன். குறைகிற ஒன்றைத் தேடுவேன். பதிமூன்று நாள் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

மார்க்கையன்கோட்டை. இவர் வண்டியில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போனார். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், நாற்றங்கால் வேலை நடக்கிறது.

அப்பா பந்தலுக்கு அடியில். எழுபத்து நான்கு வயது. உள்ளே போக வேண்டாம் என்று சொல்லி அலுத்துவிட்டேன். வாயைச் சுற்றித் துண்டு. என்னைப் பார்த்ததும் துண்டை இறக்கி, "வாத்தா, இங்கன நிழலுக்கு வா" என்றார். மூச்சு நடுவில் ஒருமுறை அறுந்தது.

இலை கிள்ள நான்கு பெண்கள். பேச்சியம்மா சேலை முந்தியில் எதையோ முடிந்திருந்தார். இன்ஹேலர். மூன்று பேருக்கு அது ஒன்றுதான். கடையில் பெயர் சொல்லி வாங்கியது, எந்த டாக்டரும் எழுதியது இல்லை.

"ஒரு நா எனக்கு, ஒரு நா இவளுக்கு. ரொம்ப மூச்சு முட்டுறவளுக்கு மொதல்ல. மருதைக்கு எவ போவா டீச்சர்?"

துடைத்துவிட்டு உபயோகிக்கச் சொன்னேன், அவ்வளவுதான். வேறென்ன சொல்வது?

அப்பாவிடம் தாளை நீட்டினேன். அவருக்காகத் தமிழில் ஒரு பிரதி அடித்திருந்தேன். வாங்கினார், கண்ணாடியைப் போட்டுப் படித்தார், மடித்துத் திருப்பித் தந்தார்.

பேரு இருந்துட்டுப் போகுது, அதனால் என்ன கெட்டுவிட்டது என்றார். விளக்கினேன். மறுபடி விளக்கினேன். இளைப்புக்கு அறை வரவேண்டும், அதற்கு எண் வேண்டும், அந்த எண் உங்கள் பெயரில் மாட்டிக்கொண்டிருக்கிறது. தலையாட்டினார். கையெழுத்துப் போடவில்லை. மோட்டாரை நிறுத்தப் போவதாகச் சொல்லி எழுந்து போனார். மோட்டார் ஓடவே இல்லை.

கோபம். வரும் வழியெல்லாம் கோபம். என் பெயரில் ஒன்றுமே இல்லை, அவர் பெயரில் இருப்பதை விட்டுத்தர அவருக்கு மனசில்லை. இவர் சொன்னார், "மாமா அப்படிப்பட்ட ஆளு இல்லையே, வேற என்னமோ இருக்கும்." எனக்குக் கேட்கப் பொறுமை இல்லை.

ஜூன் 9, திங்கள்

குறைகிற ஒன்றைத் தேடும் வேலை. சில நேரம் ஒருவர் நம்மை மேற்கோள் காட்டியிருப்பார், ஆனால் வருஷத்தையோ பக்கத்தையோ தப்பாகப் போட்டிருப்பார்; தளத்துக்கு அது தெரியாது. அப்படி ஏதாவது தொலைந்திருக்கிறதா என்று, செம்பேன் பற்றி என்னிடமுள்ள எல்லாக் கட்டுரைகளின் கடைசிப் பக்கங்களையும் பார்த்தேன். கண் எரிச்சல். ஒன்றும் இல்லை.

நுண்ணோக்கி ஆள் வந்தார். லென்ஸில் பூஞ்சை என்று சொல்லிவிட்டுப் போனார். அது எனக்கே தெரியும்.

து.த.: என்ன முடிவு மேடம்?
நான்: தேடிக்கிட்டிருக்கேன் சார்.

ஜூன் 10, செவ்வாய்

பதினொன்றரைக்கு ஆய்வக வாசலில் அப்பா. பஸ் ஏறித் தனியாக வந்திருக்கிறார். கையில் செய்தித்தாளில் சுற்றிய திராட்சை இலைகள். எப்போது வந்தாலும் எனக்கு மாதிரி கொண்டுவருவார். நாற்காலியில் உட்காரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஆத்தா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

சொன்னார். இரண்டு வருஷமாகக் குமுளியில் ஒரு டாக்டரிடம் போகிறார். தாமஸ் டாக்டர். ஏலத்தோட்ட ஆட்களுக்கு வரும் இளைப்பைப் பார்க்கிறவர். முதல் நாள் சீட்டில் பெயரைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டிருக்கிறார், செம்பேனைப் பற்றி எழுதிய டி. சிவனாண்டி நீங்களா என்று.

"நா ஆமான்டேன். ஏன் சொன்னேன்டு தெரியல. வாயில வந்துருச்சு. டாக்டரு எந்திரிச்சு நின்னாக. அவுக பக்கத்து நாற்காலியில உக்கார வச்சாக. அன்னையிலருந்து சார்னுதான் கூப்பிடுறாக. எழுவது வயசுக்கு மேல என்னைய சார்ன்டு கூப்பிட்ட ஒரே ஆளு அவுகதான்."

இந்தக் கையெழுத்து அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுமோ என்று பயம். இரண்டு நாள் தூங்கவில்லையாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோபம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

போய்ச் சேராது என்றேன். தாளை எடுத்தேன். அவர் வாய்விட்டுப் படித்தார்: மேற்கண்ட கட்டுரைகளை எழுதியவன் நான் அல்ல; எழுதியவர் என் மகள். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"எழுதுனது நா இல்ல. செரி. மூச்சு என்னுதுதான?"

முதல் கட்டுரையில் 'நோயாளி 1, ஆண், திராட்சை விவசாயி' என்று எழுதியது நான்தான். கொடி வெட்டிக் கவாத்துச் செய்யும் நாளில் பந்தலுக்கு அடியில் நீலமாகப் போய் உட்கார்ந்தவரை மதுரைக்குக் கூட்டிப் போனதில் ஆரம்பித்ததுதான் எல்லாம். பீடிதான் காரணம் என்றார்கள் அங்கே. பீடி தொட்டறியாதவர்.

ஆமாப்பா, உங்களுதுதான் என்றேன். த. சிவனாண்டி என்று நிதானமாகப் போட்டார்.

கிளம்பும்போது சொன்னது: டாக்டரும் ஏதோ எழுதுகிறாராம். அப்பாவைக் கேட்டுக் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்வாராம். எங்கே எழுதுகிறார்? அது தெரியாது.

பஸ் ஏற்றிவிட்டு வந்து தேடினேன். அவர் பெயரில் தளத்தில் ஒரு கட்டுரை. தலைப்பும் சுருக்கமும் மட்டும் தெரிகிறது. கடைசிப் பக்கம் தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

காலை முழுக்க யோசனை. டாக்டரைக் கேட்டால் அப்பா சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். கேட்காவிட்டால் ஒன்பது.

அப்பாவுக்கே போன் செய்து கேட்டேன். "நீ பேசு. அப்பறம் நானும் போயிச் சொல்லிர்றேன்" என்றார்.

ஒரு மணிக்கு டாக்டர் கிடைத்தார். "சிவனாண்டி சாரோட மோளா?" என்று ஆரம்பித்தார். மகள்தான், ஆனால் அந்தச் சிவனாண்டியும் நான்தான் என்று சொன்னேன். இனிஷியல் கதை முழுதும். அவர் பக்கத்தில் மழைச் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு.

"எனக்கொண்ணும் வருத்தமில்லா டீச்சரே. ரெண்டு வருஷமா நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரு பதில் சொன்னாரு. அதுல ஒண்ணுகூடத் தப்பில்லா."

நான்கு மணிக்கு அவர் கட்டுரை வந்து சேர்ந்தது. கடைசிப் பக்கத்துக்குப் போனேன். 'சிவனாண்டி, டி.', பந்தல் மாதக் கட்டுரை. அதேதான், ஒன்பதில் நிற்பது. வருஷம் தப்பு. அதனால்தான் தளம் பார்க்கவில்லை. இவ்வளவு அதிர்ஷ்டம் எனக்கு வழக்கமில்லை. மூன்று முறை சரிபார்த்தேன்.

பிறகு முன்னால் இருந்து படித்தேன். நான்காம் பக்கம், நடுவில்:

'வெயில் மாதம் என்பதைவிட, கவாத்து முடிந்து காற்று நின்றுபோகும் வாரத்தில்தான் மூச்சுத்திணறல் அதிகம் (டி. சிவனாண்டி, நேரில் சொன்னது).'

இது என் கட்டுரை எதிலும் இல்லை. நான் மாதங்களை எண்ணினேன். இலைகளை எண்ணினேன். காற்று நின்ற வாரம் என்ன ஆகும் என்று கேட்கவே இல்லை. நோயாளி 1 என்று பெயர் வைத்துவிட்டு, ரத்தமெடுத்து, கையில் ஊசி குத்திப் பார்த்து, பந்தல் முழுக்க அளந்தும், அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்கு மலை ஏறிப் போய் இன்னொருவர் வேண்டியிருந்தது.

நன்றாகச் சுட்டது.

ஜூன் 12, வியாழன்

அனுப்பியவை:
1. நோட்டரி பத்திரம்
2. அப்பா, இவர் கையெழுத்துகள்
3. வருஷம் திருத்தக் கோரிக்கை, டாக்டரின் கட்டுரைப் பக்கத்தோடு. டாக்டரும் தன் பங்குக்கு ஒரு கடிதம் அனுப்பினார்

சேர்க்க ஐந்து வேலை நாள், திருத்த ஏழு நாள் வரை ஆகும் என்று தானியங்கிப் பதில். சரியாக விளிம்பில்.

காத்திருக்கும் நேரத்தில் திட்டத்தின் முதல் பகுதியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

காலை ஆறரை, மார்க்கையன்கோட்டை. நோட்டும் பேனாவும். அப்பாவைப் பந்தலுக்கு வெளியே வாய்க்கால் மேட்டில் உட்கார வைத்துக் கேட்டேன். இரண்டு மணி நேரம். சொன்னவை:

– காற்று நிற்பதற்கு முதல் நாள் இலை வெள்ளையாகத் தெரியும்
– தென்னையோரப் பந்தலில் எளப்பு கம்மி, ரோட்டோரம் ஜாஸ்தி
– காலையில் இலை ஈரம் காயுமுன் கிள்ளினால் பாதகமில்லை
– பேச்சியம்மாவுக்கு வருவது வேறு. அவளுக்கு மருந்தடித்த மறுநாள்
– என் அம்மாவுக்கும் சாகும் வரை இளைப்பு இருந்தது

கடைசியை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். எனக்குத் தெரியாது. நெஞ்சுவலி என்றுதான் எல்லோரும் சொன்னோம். "அவ யாருட்டயும் சொல்ல விடல ஆத்தா. நீ பரிச்சைக்குப் படிச்சிக்கிட்டிருந்த" என்றார்.

இந்த அறை வரும். வர வைப்பேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஒன்றும் வரவில்லை. சாரல் இங்கேயும் விழ ஆரம்பித்துவிட்டது. ஜன்னலுக்குப் பிளைவுட் அடித்தாயிற்று.

முதலாம் ஆண்டு விலங்கியலில் நாற்பது இடத்துக்கு முப்பத்து ஒன்று சேர்ந்திருக்கிறது. சேர்க்கை மேஜையில் வேலை பற்றிக் கேட்ட தகப்பனாரின் பெண்ணும் அதில் ஒன்று. வருகைப் பதிவில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இனிஷியல் எழுதும்போது கை நின்றது. ஒரே பெயராக, கடைசி வரை மாறாததாக வைத்துக்கொள் என்று அவளுக்கு முதல் வாரமே சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

காலை 10.20. சேர்த்துவிட்டார்கள். தமிழ்ச்செல்வி, உத்தமபாளையம். கட்டுரைகள் எல்லாம் ஒரே பக்கத்தில், வரிசையாக. முதல் தடவையாக. கீழே சின்ன எழுத்தில் 'இப்பெயர்களிலும் வெளியானவை' என்று அப்பாவும் இவரும்.

எண், தன்மேற்கோள் நீங்கலாக: ஒன்பது. திருத்தம் இன்னும் வரவில்லை.

து.த. பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். நாளை மறுநாளோ அடுத்த வாரமோ பத்து ஆகத்தான் போகிறது, இன்றே பத்து என்று போட்டால் பொய்யாகாது என்றார். நாளை ஐந்து மணி வரை பார்ப்போம் சார் என்றேன். அதற்குள் வராவிட்டால்? வராவிட்டால் ஒன்பது என்று போட்டு, டாக்டரின் பக்கத்தை இணைத்து அனுப்புவேன். தள்ளட்டும். அடுத்த வருஷம் திரும்ப அனுப்புவேன். அதற்கடுத்த வருஷமும். அவர் டீ சொல்லவா என்று கேட்டார்.

ஜூன் 20, வெள்ளி

மழை. எட்டு மணி: ஒன்பது. பத்து மணி: ஒன்பது. இரண்டு வகுப்பு எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று தெரியாது. ஒரு மணி: ஒன்பது.

மூன்றுக்கு மேல் பார்ப்பதை நிறுத்திவிட்டு இணைப்புகளை ஏற்றினேன். 'ஒன்பது' என்று விளக்கக் கடிதமும் அடித்து வைத்தேன்.

3.40. துறை உதவியாளர் கதவருகே நின்று, எதுக்கும் இன்னொருக்காப் பாருங்க மேடம் என்றார். பார்த்தேன்.

பத்து.

பெட்டியில் பத்து என்று அடித்தேன். 4.15க்கு அனுப்பி முடித்தாயிற்று. ஒப்புகை எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன், அச்சுப்பொறி ஓடவில்லை. து.த. கை கொடுத்தார். திட்டத்தின் முதல் பக்கத்தில் முதல் கேள்வி: 'காற்று நின்ற வாரத்தில் என்ன நடக்கிறது?' அதன் கீழே: 'கேள்வியின் மூலம்: த. சிவனாண்டி, திராட்சை விவசாயி, மார்க்கையன்கோட்டை.'

கடைத்தெருவில் டாக்டரின் நான்காம் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு நேரே அப்பாவிடம். மோட்டார் ரூமில் மழைக்கு ஒதுங்கியிருந்தார். புதன்கிழமை குமுளி போய்ச் சொல்லிவிட்டு வந்தாராம். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "உக்காருங்க சார்ன்டாக" என்றார்.

பத்து வந்துவிட்டது என்றேன். சந்தோஷப்பட்டார். கொஞ்சம் கழித்துக் கேட்டார்.

"அப்ப எம்பேர்ல இருந்த ஏழு?"

"எல்லாம் இங்கிட்டு வந்துருச்சுப்பா."

"ஒண்ணும் இல்லையா?"

பக்கத்தை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். தமிழில் சொன்னேன். இது நான் எழுதினது இல்லை, எனக்குத் தெரிந்ததும் இல்லை, நீங்கள் சொன்னது, உங்கள் பெயரில் இருக்கிறது. எந்த எண்ணிலும் இது வராது. யாரும் இதைக் கழிக்கவும் முடியாது.

விரலை வைத்துத் தன் பெயரைத் தேடினார். ஆங்கிலத்தில் அந்த ஒன்று மட்டும் அவருக்குப் படிக்கத் தெரியும்.

"அப்ப டாக்டருகிட்ட நா சொன்னது முழுப் பொய் இல்ல."

இல்லை என்றேன்.

இலை மாதிரி பன்னிரண்டு எடுத்தேன், தென்னையோரம் ஆறு, ரோட்டோரம் ஆறு. பை நனைந்துவிட்டது. இலைகளைக் காயப்போட வேண்டும்.